தட்டிப் பார்க்கிற கை

"இந்தப் பொண்ணு மண்ணு திங்குதா?" என்று டாக்டரம்மா கேட்டபோது பூங்கோதைக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

விருத்தாசலம் அரசு ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில், கையில் டிரிப்ஸ் ஊசியோடு படுத்திருந்தாள் அவள் மகள் இளமதி. இருபது வயது. முந்தாநாள் கடலூரில் போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வு. நானூறு மீட்டரில் முந்நூற்று எழுபது மீட்டர்வரை ஓடி, கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் விழுந்துவிட்டாள். ரத்தம் ஏழுதான் இருக்கிறது என்றார் டாக்டரம்மா. ஆறு மாதத்துக்கு முன் எடுத்த சீட்டில் பன்னிரண்டு இருந்தது. சைவம் சாப்பிடுவதால் மட்டும் இப்படி இறங்காது, செராமிக் பேட்டைப் பக்கத்துப் பெண்களிடம் இதை நிறையப் பார்த்திருக்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள் என்றார்.

பேட்டையில் பீங்கான் வேலை செய்கிற பெண்கள் மண் தின்பார்கள். எல்லோரும் இல்லை. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது முக்கால்வாசிப் பேர் தின்பார்கள். அச்சிலிருந்து எடுத்த கோப்பையின் விளிம்பைச் சீவும்போது காய்ந்த துணுக்குகள் விழும். முதல் மழை விழுந்த தரை மாதிரி வாசம் அடிக்கும். இளமதி வயிற்றில் இருந்தபோது பூங்கோதை அதை முந்தானையில் முடிந்து வைத்துத் தின்றவள். அந்த ருசி பிள்ளைக்கும் ஏறிவிட்டது என்று அந்த நிமிஷம் நம்பினாள். டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் மகளைக் கன்னத்தில் அறைந்தாள்.

"எத்தினி நாளா திங்கிற?"

இளமதி அழவில்லை. "நான் எதுக்கும்மா மண்ணு திங்கப்போறன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த அறை பூங்கோதையின் கையிலேயே தங்கிவிட்டது. அதை யாரிடம் இறக்கி வைப்பது என்று அவளுக்குத் தெரிய இன்னும் நான்கு நாள் ஆயிற்று.

இளமதியை ஓடப் பழக்கிய விருத்தகிரி, ஜங்ஷன் ரோட்டில் ஜிம் வைத்திருந்தான். போலீஸ் வேலைக்கும் ராணுவ வேலைக்கும் பிள்ளைகளை ஓடப் பழக்குவான். அதற்கு முன், பூங்கோதை வேலை பார்க்கிற அதே பீங்கான் கம்பெனியில் மண் ஸ்டோர் பார்த்தான். ஸ்டோரில் இருந்தபோது அவனுக்கு ஒரு பெருமை உண்டு. சூளையிலிருந்து எந்தச் சாமான் வந்தாலும் எடுத்து, விரல் நகத்தால் தட்டி, காதருகே வைத்துக் கேட்பான். கவிழ்த்து அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் தடவுவான். பிறகு சொல்லுவான், இது நெய்வேலி மண், இது பண்ணுருட்டி மண், இது கேரளா மண் என்று. தப்பாகச் சொல்லி யாரும் பார்த்ததில்லை. டீக்கடையில் கொடுக்கிற கோப்பையைக்கூடத் தட்டிப் பார்க்காமல் வாயில் வைக்கமாட்டான். மூன்று வருஷத்துக்கு முன் ஸ்டோரில் மண் மூட்டைகள் குறைந்தன. முதலாளி சத்தமில்லாமல் அவனை அனுப்பிவிட்டார். மூட்டை எங்கே போனது என்று யாரும் தேடவில்லை. மண்தானே என்று விட்டுவிட்டார்கள்.

இளமதி பயிற்சிக்குச் சேர்ந்த முதல் நாளே, என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டான். அவள் சொன்னாள். காலையில் உளுந்தங்கஞ்சி, பத்து மணிக்கு முளைகட்டின பயறு, மத்தியானம் சோறு பருப்பு தயிர், சாயங்காலம் வேர்க்கடலையோ கொண்டைக்கடலைச் சுண்டலோ. முட்டை என்றான். வீட்டில் ஆகாது என்றாள். அவள் அப்பா பழமலை அதே கம்பெனியில் சூளை எரிக்கிறவர். பத்து வருஷத்துக்கு முன் தைப்பூசத்துக்கு வடலூர் போய்வந்ததிலிருந்து அந்த வீட்டில் ஒரு உயிரும் சட்டி ஏறியதில்லை.

விருத்தகிரி சிரித்தான். அங்கேயே அவளுக்குத் தயிர்சாதம் என்று பேர் வைத்தான். பருப்பில் இருக்கிற சத்து மாட்டுக்குப் போதும், போலீசுக்குப் போதாது என்றான். பிறகு அலமாரியிலிருந்து சிங்கம் படம் போட்ட டின்னை எடுத்தான். முட்டை இல்லை, மாமிசம் இல்லை, சுத்த சைவப் புரோட்டீன், நானே கலக்குகிறேன், கடையில் கிடைக்காது. காலையில் இரண்டு கரண்டி, சாயங்காலம் இரண்டு கரண்டி. வயிறு நிறைந்துவிடும், வேறு எதையும் அள்ளிக்கட்டாதே என்றான்.

வயிறு நிறையத்தான் செய்தது. டின்னும் பயறும் சேர்த்து வாங்கக் காசு எட்டவில்லை. பூங்கோதை பயறையும் கடலையையும் நிறுத்திவிட்டு டின் வாங்கினாள். படித்தவன் போல் பேசினான், நம்பினாள். இளமதி வெளுத்துக்கொண்டே வந்தாள். வயிறு கல்லாகக் கட்டியது. நான்கு படி ஏறினால் இரைத்தது. மாஸ்டரிடம் சொன்னதற்கு, உடம்பு இறுகுது, அப்புடித்தான் இருக்கும் என்றான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, கம்பெனியில் அவளுக்குப் பக்கத்து மேசையில் அச்சு ஊற்றுகிற ஜெயமேரி போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் மகள் ஆன் மேரியும் அதே ஜிம்மில்தான் ஓடுகிறாள். ஜிம் வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ போட்டிருந்தது. இளமதி ஓடி வருகிறாள், கால் பின்னுகிறது, முகம் மண்ணில் மோதுகிறது. யாரோ வேலிக்கு வெளியே நின்று எடுத்தது. கீழே விருத்தகிரி எழுதியிருந்தான்: "முட்டையும் வேண்டாம், பவுடரையும் ஒழுங்காகக் குடிக்கமாட்டோம் என்றால் முடிவு இதுதான். புது பேட்ச் பெற்றோர் கவனிக்கவும்." அதன் கீழே வரிசையாகச் சிரிக்கிற மூஞ்சிகள்.

இளமதி அதை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே பார்த்துவிட்டாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதனால்தான் போனை அணைத்து வைத்திருக்கிறாள். அதனால்தான் வாசல் பக்கம்கூட வரமாட்டேன் என்கிறாள்.

"ஒரு வேள கூட வுடாம குடிச்சிதே இந்தப் புள்ள" என்றாள் பூங்கோதை.

மறுநாள் துணி துவைக்க மகளின் கடலூர்ப் பையைப் பிரித்தாள். உள்ளே பவுடர் கலக்குகிற பாட்டில் கிடந்தது. பாதி குடித்து மூடியது, அப்படியே ஒரு வாரம் இருந்திருக்கிறது. மேலே புளித்த தண்ணீர் நின்றது. அதைக் கொட்டினாள். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளையாகப் படிந்திருந்தது மட்டும் கொட்டவில்லை. பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டினாள். வரவில்லை. விரலை விட்டு வழித்தாள்.

வழித்த விரல் அப்படியே நின்றது. இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் காலையில் தொட்டியில் கரைத்த மண்ணை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் அச்சில் ஊற்றுவார்கள். புத்திக்கு எட்டும் முன்னே விரலுக்குத் தெரிந்தது. இன்னொரு முறை தேய்த்தாள். பிறகு நாக்கில் வைத்தாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த அதே ருசி.

டாக்டரம்மா சொன்னது உண்மைதான். அவள் மகள் மண் தின்றிருக்கிறாள். காலையில் இரண்டு கரண்டி, சாயங்காலம் இரண்டு கரண்டி.

பூங்கோதை முதலில் சாணியைக் கரைத்துக்கொண்டு போய் அவன் மூஞ்சியில் ஊற்றலாம் என்று நினைத்தாள். அப்புறம் அருவாமனையை நினைத்தாள். பழமலை வேலை முடிந்து வந்ததும் பாட்டிலை நீட்டிச் சொன்னாள். அவர் பாட்டிலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அதிகாரிகளிடம் சொல்லலாம் என்றார். சொன்னால், எனக்கு மேலே இருந்து வந்த சரக்கு என்று கையை விரிப்பான் என்றாள் அவள். அதற்குள் வீடியோ கம்மாபுரம்வரை போய்விடும்.

"வுட்டுடு கோத. நாம கருணை வழியில போறவங்க."

"கருணையெல்லாம் வாயில்லா உசுருங்களுக்குங்க. அவனுக்கு வாயி இருக்குது. மண்ணுன்னு அந்த வாயால சொல்லணும். எம்மவள எந்த குரூப்புல போட்டானோ அதே குரூப்பு கேக்கணும்."

பழமலை துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

வீட்டில் இன்னும் இரண்டு டின் பிரிக்காமல் இருந்தன. கோர்ஸ் முடிக்கவேண்டும் என்று முன்கூட்டியே தலையில் கட்டியவை. அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு பூங்கோதை வேலைக்குப் போனாள். சாப்பாட்டு நேரத்தில் கொட்டகைக்குப் பின்னால் ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு டின்னையும் கொட்டிக் கரைத்தாள். மண் கழுவுகிற வேலை அவளுக்குப் புதிதில்லை. கரைக்கவேண்டும், படியவிடவேண்டும், மேலே நிற்பதை ஊற்றிவிட்டு மறுபடி தண்ணீர் விடவேண்டும். முதல் நாள் சர்க்கரையும் பால் பவுடரும் ஏலக்காய் வாசமும் தண்ணீரோடு போயின. நான்கு நாள், எட்டுத் தண்ணீர். துணியில் வடிகட்டி, பிளாஸ்டர் பலகையில் போட்டாள். பலகை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டது. கடைசியில் மிஞ்சியது ஒரு பெரிய மாம்பழம் அளவுக்கு வெள்ளைக் களிமண்.

ஜெயமேரி அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தாள்.

"எம்மவ மீனு தின்னுட்டு மண்ணு குடிச்சா, ஒம்மவ பருப்பு தின்னுட்டு மண்ணு குடிச்சா. சாமி யாரையும் பாரபட்சம் பாக்கலக்கா" என்றாள். சிரிக்கவில்லை. ஆன் மேரிக்குப் பவுடர் பிடிக்காது, வாரத்துக்கு இரண்டு நாள் குடித்ததோடு சரி. அதனால் தப்பித்தாள். "என்னா பண்ணப்போற இத?"

"டம்ளரு."

மண் மட்டும் இருந்தால் வேகாது, உதிரும். எப்போதும் போல் கொஞ்சம் கல்மாவு சேர்த்துக் கரைத்து, சின்ன டம்ளர் அச்சில் ஊற்றினாள். பேட்டையில் செய்கிற சாமான்களிலேயே எளியது அதுதான். காய்ந்ததும் விளிம்பைச் சீவினாள். சீவும்போது விழுந்த துணுக்குகளை ஒன்றுவிடாமல் கூட்டி வைத்தாள். பளபளப்புப் பூச்சில் முக்கி, அடிப்பாகத்தை மட்டும் துடைத்து வெறுமனே விட்டாள். அந்த அடிப்பாகம் அவளுக்கு வேண்டியிருந்தது.

சூளையில் சாமான் அடுக்குகிறவரும் பழமலைதான். அடுக்குகிற நாளன்று டம்ளரை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"இந்த மாதிரி எத்தினி டம்ளரு அவ வயித்துக்குள்ள போயிருக்கும்?" என்று கேட்டார்.

"எட்டு பத்து இருக்கும்."

பழமலை கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். டம்ளரை வாங்கி, சூடு சமமாகப் படுகிற நடு அடுக்கில் வைத்தார். மேலே ஒரு தட்டு வைத்து மூடினார், தூசி விழாதபடிக்கு.

வெந்து வந்த டம்ளர் பால் மாதிரி இருந்தது. இப்போது பேட்டையில் ஓடுகிற நெய்வேலி மண்ணில் இந்த வெள்ளை வராது. பூங்கோதை அதைத் தட்டிப் பார்த்தாள். கோயில் மணியின் குட்டி மாதிரி கணகணவென்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை விருத்தகிரி புது பேட்ச் துவக்குகிறான் என்று குழுவில் போட்டிருந்தது. பெற்றோர் கட்டாயம் வரவேண்டும். ஜிம்முக்குப் பின்னால் காலி மனையில் சாமியானா, ஐம்பது அறுபது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மைக். மேசையில் சிங்க டின்களைக் கோபுரமாக அடுக்கியிருந்தார்கள்.

இளமதி வரமாட்டேன் என்றாள்.

"ஓட வேணாம். பேச வேணாம். நின்னு பாரு, போதும்" என்றாள் பூங்கோதை. மகள் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து கடைசி வரிசைக்குப் பின்னால், அப்பா பக்கத்தில் நின்றாள். தெரிந்த பெண்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார்கள்.

விருத்தகிரி புரோட்டீன் பற்றி அரை மணி நேரம் பேசினான். சதை எதனால் ஆனது, எலும்பு எதனால் ஆனது, சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஏன் என் டின் இல்லாமல் முடியாது என்றெல்லாம் சொன்னான். பேசி முடித்ததும் பூங்கோதை தாம்பாளத்தோடு எழுந்து போனாள். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், நடுவில் டம்ளர். மாஸ்டருக்கு மரியாதை செய்வது அங்கே வழக்கம்தான். அவளைப் பார்த்ததும் அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மைக்கில் சொன்னான், அன்னைக்கு விழுந்துச்சே அந்தப் பொண்ணோட அம்மா, கோவிச்சுக்காம வந்திருக்காங்க, தப்பு எங்கன்னு புரிஞ்சிருக்கு என்று.

"நம்ம பேட்டைச் சாமான் மாஸ்டர். உங்களுக்குன்னே செஞ்சது. எப்புடி இருக்குதுன்னு நீங்கதான் சொல்லணும்."

வாழைப்பழத்தையும் வெற்றிலையையும் விட்டுவிட்டு அவன் கை டம்ளருக்குப் போனது. போகும் என்று அவளுக்குத் தெரியும். நகத்தால் தட்டினான். மைக் பக்கத்தில் இருந்ததால் அந்தச் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. காதருகே வைத்து இன்னொரு முறை தட்டினான். கவிழ்த்து, வெறுமனே விட்ட அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் தடவினான். கண்ணைக்கூட மூடிக்கொண்டான்.

"கேரளா மண்ணு" என்றான் மைக்கில். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். "பன்னெண்டு வருஷம் இதுலதான் கெடந்தவன் நானு. கண்ண மூடிக்கிட்டே சொல்லுவன். அதுலயும் இது பழைய சரக்கு. இந்த மண்ணு நம்ம பேட்டைக்கு வர்றது நின்னு மூணு வருஷமாச்சு. இப்ப ஒரு கம்பெனியிலயும் கெடையாது. எங்கம்மா புடிச்ச?"

"உங்ககிட்டதான் மாஸ்டர்."

அவனுக்குப் புரியவில்லை. சிரிப்பு அப்படியே இருந்தது. பூங்கோதை கையில் மாட்டியிருந்த ஒயர் கூடையிலிருந்து இரண்டு காலி டின்களை எடுத்து அவன் முன்னால் மேசையில் வைத்தாள்.

"இந்த ரெண்டு டின்னையும் எட்டுத் தண்ணி ஊத்திக் கழுவுனன். சக்கரையும் பாலும் தண்ணியோட போச்சி. மிஞ்சினது இதான். வேவுறதுக்குக் கொஞ்சம் கல்மாவு சேத்தன். மண்ணு பூரா உங்களுது. எந்த மண்ணுன்னு நீங்களே சொல்லிட்டீங்க."

மைக் இன்னும் அணையவில்லை. விருத்தகிரி டம்ளரைக் கீழே வைக்கப் பார்த்தான், கை எங்கே வைப்பது என்று தெரியாமல் அலைந்தது. பொய் என்றான். பொறாமை என்றான். கம்பெனியிலிருந்து மண்ணைத் திருடிவந்து பழிபோடுகிறாள் என்றான்.

"கம்பெனியில இந்த மண்ணே கெடையாதுன்னு இப்பதான சொன்னீங்க."

ஜெயமேரி அதற்குள் கண்ணாடி ஜாடியும் தண்ணீருமாக வந்துவிட்டாள். கோபுரத்தின் உச்சியில் இருந்த டின்னை எடுத்து, எல்லோர் கண்முன்னாலும் மூடித் தாளைக் கிழித்து, ஐந்தாறு கரண்டி போட்டுக் கலக்கினாள். உக்காருங்க, படியறதுக்கு நேரமாவும் என்றாள். யாரும் எழுந்திருக்கவில்லை. அவசரமாகப் போன் வந்தமாதிரி விருத்தகிரி கேட் பக்கம் நடந்தான். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து மகனைச் சேர்க்க வந்திருந்த ஒரு சம்சாரி கேட்டில் சாய்ந்து நின்றிருந்தார். நகரவில்லை. விருத்தகிரி திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் ஆயிற்று. டீ வந்தது, குடித்தார்கள். ஜாடியில் கோடு விழுந்து, கோட்டுக்குக் கீழே வெள்ளை கனத்துக்கொண்டே வந்தது. சம்சாரி வந்து மேல் தண்ணீரைச் சாய்த்துவிட்டு உள்ளே கையை விட்டார். வழித்ததை டின்னில் இருந்த சிங்கத்தின் மூஞ்சியில் பூசினார்.

பூங்கோதை ஜாடியில் மிஞ்சியிருந்ததில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, டம்ளரில் ஊற்றினாள். தாம்பாளத்தில் வைத்து அவன் முன்னால் நீட்டினாள்.

"குடிங்க மாஸ்டர். சுத்த சைவம்."

அவன் சுற்றிலும் பார்த்தான். கடைசியில் பழமலையைப் பார்த்தான். கருணை பேசுகிற மனிதர், வந்து தடுப்பார் என்று நினைத்திருக்கலாம். பழமலை துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

"ஒரு டம்ளருதான். எம்மவ ஆறு மாசம் குடிச்சா" என்றாள் பூங்கோதை.

குடித்தான். பாதியில் நிறுத்தினான். அவள் தாம்பாளத்தை இறக்கவில்லை. மீதியையும் குடித்தான். உதட்டுக்கு மேலே வெள்ளையாக ஒரு கோடு நின்றது.

எப்போது வந்தாளோ, இளமதி முன்வரிசைக்கு வந்திருந்தாள். தலையில் துப்பட்டா இல்லை. கையில் போன் இருந்தது. கேரளா மண்ணு என்று அவன் சொன்னதிலிருந்து கடைசி மடக்குவரை எடுத்திருந்தாள். அதே குழுவில் போட்டாள். கீழே ஒன்றும் எழுதவில்லை.

அதற்குப் பிறகு அதிகாரிகள் வந்து டின்களை எடுத்துப்போனார்கள், ஜிம் பூட்டிக் கிடந்தது, கேஸ் நடக்கிறது. அதெல்லாம் அதன் போக்கில் நடக்கட்டும். பூங்கோதை வீட்டில் மறுபடி கொண்டைக்கடலை ஊறுகிறது. சேத்தியாத்தோப்பு உளுந்தாக வாங்கி வந்து கஞ்சி வைக்கிறாள். சோற்றைக் குறைத்துப் பருப்பையும் பயறையும் ஏற்றுங்கள், வேர்க்கடலையும் தயிரும் விடாமல் கொடுங்கள், கீரையில் எலுமிச்சம்பழம் பிழியுங்கள், ஓடுகிற பிள்ளைக்கு அது போதும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ரத்தம் ஒன்பதரைக்கு வந்துவிட்டது. இளமதி இப்போதைக்கு நடக்கிறாள், அடுத்த மாதம் ஓடுவேன் என்கிறாள்.

வீடியோ பார்த்த தாய்மார்கள் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், கம்மாபுரத்திலிருந்து இரண்டு பேர், ஊருக்குள்ளிருந்து ஏழு பேர். பூங்கோதை எல்லாவற்றையும் கழுவினாள். பழமலை கேட்காமலேயே சூளையில் இடம் ஒதுக்கினார். ஆளுக்கொரு டம்ளர். அதில் யாரும் எதையும் ஊற்றிக் குடிக்கவில்லை. தெரு பார்த்த ஜன்னலில் வைத்தார்கள்.

ஒருநாள் வேலைக்குப் போகிற வழியில், பேட்டை வாசல் டீக்கடையில் விருத்தகிரியைப் பார்த்தாள். கடைக்காரர் பீங்கான் கோப்பையில் டீ கொடுத்தார். வாங்கினதும் பழக்கத்தில் நகம் கோப்பைக்குப் போனது. பெஞ்சில் இருந்தவர்கள் அந்த நகத்தையே பார்த்தார்கள். அவன் விரலை மடக்கிக்கொண்டான். தட்டாமலே குடித்தான்.

பூங்கோதை தனக்கும் ஒரு டீ சொன்னாள். வேலைக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் அவன் கடைசிச் சொட்டுவரை குடிக்கிறவரைக்கும் எதிரே நின்று பார்த்துவிட்டுத்தான் போனாள்.